கதை நிற்கிற இடம்

ஐந்நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு குடும்ப நாவல். நான்கு சகோதரிகள். மூன்றாமவளுக்கு வரன் அமைய வேண்டும் என்பதுதான் கதை. வரன் மேல் வரனாக வந்து தட்டிப்போய், வருடங்கள் ஓடி, ஒருவழியாக ஒன்று முடிவாகிறது. கல்யாணத்துக்காகப் பெண் டோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறாள். அவளுக்கு வயிற்றுப்போக்கு அன்றும் நிற்கவில்லை, ரயிலிலும் தொந்தரவாக இருந்தது என்பது நாவலின் கடைசி வாக்கியம். அத்தோடு சரி.

ஜூனிச்சிரோ தனிஸாகியின் ‘மகியோகா சகோதரிகள்’. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி என்பதால் கடைசித் தாள் ஏதாவது கிழிந்திருக்குமோ என்று தையல் பக்கத்தை விரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு பெரிய எழுத்தாளர், பல வருட உழைப்பு, உலகமெல்லாம் கொண்டாடுகிற நாவல், அதை இந்த இடத்தில் நிறுத்தலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்ற ஆச்சரியம் எனக்கு அடங்க ரொம்ப நாளாயிற்று. ஜப்பானிய நாவல்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அதுவரை எனக்குத் தெரிந்த ஜப்பான் இரண்டு. ஒன்று, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த ‘டோட்டோ-சான்’. குழந்தைகள், கல்வி என்று பேசுகிறவர்கள் வீட்டு அலமாரியில் அது எப்படியும் இருக்கும். இன்னொன்று முரகாமி. அவரைப் பற்றித் தமிழில் வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது, தாண்டிப் போகிறேன். டோட்டோ-சானை இப்போது யோசித்துப் பார்த்தால் அதுவும் இந்த வகையில்தான் நிற்கிறது. 1945இல் குண்டு விழுந்து டோமோயே பள்ளி எரிகிறது. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கி அந்தப் பள்ளியை நடத்திய தலைமை ஆசிரியர் கோபயாஷி தெருவில் நின்று தீயைப் பார்த்தபடியே, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார். டோட்டோ-சான் நெரிசலான ரயிலில் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். சிறுவர் புத்தகம் என்று நாம் நினைத்துக் கொடுப்பதில் இப்படி ஒரு முடிவு.

மகியோகா குடும்பத்துக்குத் திரும்புகிறேன். ஓசாகாவின் பழைய வணிகக் குடும்பம், இப்போது நொடித்துப்போனது, பெருமை மட்டும் குறையவில்லை. இந்த மாதிரிக் குடும்பங்களை நமக்கு நன்றாகத் தெரியும். மூத்தவள் ட்சுருகோ வீட்டைக் கட்டிக் காக்கிறவள். இரண்டாமவள் சச்சிகோ, கதை பெரும்பாலும் அவள் கண் வழியாகத்தான் நடக்கிறது. மூன்றாமவள் யுகிகோ, கதை ஆரம்பிக்கும்போதே முப்பதைத் தொட்டவள், வாயைத் திறக்காதவள். நான்காமவள் தாயெகோ, பொம்மை செய்து சம்பாதிக்கிறவள், யாருக்கும் அடங்காதவள். நாவல் தொடங்குவது ஒரு கச்சேரிக்குக் கிளம்பும் மாலையில். கழுத்துக்குப் பவுடர் போட்டுவிடச் சொல்கிறாள் சச்சிகோ. அப்புறம் ஊசி. அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு கொஞ்சம் தளர்ந்தால் உடனே வைட்டமின் பி ஊசி. டாக்டரெல்லாம் கிடையாது, ஒருவருக்கொருவர் தாங்களே போட்டுக்கொள்வார்கள். ‘பி போதவில்லை’ என்பது அவர்கள் வீட்டுப் பேச்சு.

இப்படிப்பட்ட சமாச்சாரங்களைத்தான் தனிஸாகி நூற்றுக்கணக்கான பக்கம் எழுதிக்கொண்டு போகிறார். யுகிகோவின் கண்ணுக்கு மேல் ஒரு மங்கலான கறை மாதத்தில் சில நாள் தெரியும், சில நாள் மறையும். பெண் பார்க்க வருகிற நாளில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று குடும்பமே கவலைப்படுகிறது. ஒரு வரன் நடுவயதுக்காரர். பெண்ணைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், பூஜை மாடத்தில் வைத்திருக்கும் செத்துப்போன மனைவி, குழந்தைகளின் படங்களைக் காட்டுகிறார். அந்தச் சம்பந்தம் அங்கேயே போயிற்று. இன்னொருவர் நல்ல மனிதர், எல்லாம் பொருந்தி வருகிறது. ஒருநாள் யுகிகோவிடம் நேராகத் தொலைபேசியில் பேசி, வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்கிறார். அவளுக்கு வெட்கம். போனுக்கே நேரம் கழித்து வருகிறாள், வந்தும் மென்று விழுங்குகிறாள். அவருக்கு அவமானமாகப் போய்விடுகிறது. அந்தச் சில நிமிடத்தை தனிஸாகி எழுதியிருக்கும் விதத்தைப் படிக்கும்போது, அந்த வீட்டுக் கூடத்தில் நாமும் நின்றுகொண்டு ‘சீக்கிரம் போய்ப் பேசேன்’ என்று யுகிகோவைப் பிடித்துத் தள்ளலாம் போலிருக்கும்.

கதை நடப்பது 1936இலிருந்து 1941 ஏப்ரல் வரை. எழுதப்பட்டதோ போர்க் காலத்தில். 1943இல் ‘சூவோ கோரோன்’ பத்திரிகையில் இரண்டு தவணை வந்ததுமே, போர் நேரத்தில் இது என்ன பெண்கள் கதை என்று ராணுவத் தரப்பு அதிருப்தி காட்ட, தொடர் நின்றது. தனிஸாகி நிறுத்தவில்லை. முதல் பாகத்தை 1944இல் சொந்தமாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். போர் முடிந்து 1948இல்தான் நாவல் முழுமையாயிற்று. அதாவது, நாவலின் பின்பகுதியை அவர் எழுதும்போது ஓசாகாவும் கோபேயும் குண்டுவீச்சில் எரிந்து போயிருந்தன. அந்தக் குடும்பம் வருடா வருடம் கியோட்டோ ஹெயான் கோயிலுக்குச் செர்ரி மலர் பார்க்கப் போவதும், மூன்றாமவளின் கல்யாணப் பேச்சும் இல்லாமல்போன ஒரு வாழ்க்கையின் கணக்கு. 1941 ஏப்ரலில் ரயில் ஏறுகிற யுகிகோவுக்கு டிசம்பரில் பேர்ல் ஹார்பரில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. படிக்கிற எல்லாருக்கும் தெரியும். தனிஸாகி அதைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. வயிற்றைப் பற்றித்தான் சொல்கிறார்.

சுபமாக முடித்துவிட வாய்ப்பிருந்த இடம் அது. கல்யாண உடுப்புகள் வந்து இறங்குகின்றன. பார்த்த யுகிகோவுக்குச் சந்தோஷமே இல்லை, இது கல்யாணத்துக்கு இல்லாமல் வேறெதற்காவதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்கிற மனநிலை. சில பக்கங்களுக்கு முன்புதான் தங்கை தாயெகோவுக்குக் குழந்தை இறந்து பிறந்திருக்கிறது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை அவ்வளவையும் சேர்த்து ஒரு உடம்பு உணர்வதாக நான் இப்போது அதை வாசிக்கிறேன். அப்படியெல்லாம் இல்லை, தனிஸாகிக்குக் கொஞ்சம் குறும்பு, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்வேன்.

அடுத்து நான் படித்தது நட்சுமே சோசெகியின் ‘கொகோரோ’. படித்த கையோடு அக்காவுக்குக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, வேகமாகப் படிக்கிறவள், பாதியில் எதையும் விடமாட்டாள். ஒருநாள் ராத்திரி போன்.

“ஏண்டா, அந்தப் பையனோட அப்பா என்ன ஆனார்?”

“தெரியலைக்கா.”

“தெரியலைன்னா? அவரைச் சாகக் கிடக்கப் போட்டுட்டு ரயில் ஏறிட்டானே, அவன் திரும்பி வந்தானா இல்லையா?”

“அதைச் சொல்லலை. கடிதத்தோட முடிஞ்சிடுது.”

“நல்லாருக்கே! புத்தகம் நல்லாத்தான் இருந்தது, அதான் கோபம் வருது.”

படிக்காதவர்களுக்காக. கல்லூரி மாணவன் ஒருவன் காமகுராக் கடற்கரையில் ஒரு பெரியவரைச் சந்திக்கிறான், ‘சென்செய்’ (ஆசான்) என்று அழைக்கிறான், ஒட்டிக்கொள்கிறான். அவரோ எதையோ மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறார். நடுப்பகுதியில் பையன் ஊருக்குப் போகிறான். அப்பாவுக்குச் சிறுநீரக நோய் முற்றிவிட்டது. 1912, மெய்ஜிப் பேரரசர் இறக்கிறார். அவரது இறுதி ஊர்வலத்தன்று ஜெனரல் நோகியும் மனைவியும் தங்களை மாய்த்துக்கொள்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பா செய்தித்தாளில் இதையெல்லாம் தொடர்ந்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் சென்செயிடமிருந்து தடிமனான ஒரு கடிதம். பிரித்துப் புரட்டினால், இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் இருக்கமாட்டேன் என்கிற வரி கண்ணில் படுகிறது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு டோக்கியோ ரயிலில் ஏறிவிடுகிறான். பெட்டிக்குள் உட்கார்ந்து கடிதத்தைப் படிக்கிறான். மீதி நாவல் முழுக்க அந்தக் கடிதம்தான். ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு நண்பர்கள், வீட்டுக்கார அம்மாளின் மகள், ஒரு துரோகம், ஒரு தற்கொலை. கடிதம் முடிகிற வரியில் நாவலும் முடிகிறது. ரயில் டோக்கியோ போய்ச் சேர்ந்ததா, அப்பா போய்விட்டாரா, அந்த நாளை மகன் பின்னால் எப்படித் தாங்கினான், எதுவும் இல்லை.

அக்காவின் கோபம் நியாயமானது. நாமெல்லாம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்தவர்கள். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பிறகும், இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சோசெகியும் தொடர்கதைக்காரர்தான் என்பதுதான் இதில் வேடிக்கை. 1907இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு ‘அசாஹி’ நாளிதழில் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தை விட்டுப் பத்திரிகைக்குப் போவதா என்று ஊரே வியந்தது. ‘கொகோரோ’ 1914 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த நாளிதழில் 110 தவணையாக வந்தது. காலையில் நாளிதழில் வாசகர்கள் படித்தது வேறு, பின்னால் விமர்சகர்கள் ஆராய்ந்தது வேறு என்று பிரிக்க முடியாத எழுத்து அது. நூறாண்டு கழித்து 2014இல் அதே நாளிதழ் அதை அப்படியே மறுபடி தொடராக வெளியிட்டது. முதலில் சோசெகி நினைத்திருந்தது அந்தத் தலைப்பில் பல சிறுகதைகள். அதில் முதல் கதை வளர்ந்து வளர்ந்து நாவலாகிவிட்டது. நடுவில் விட்ட அப்பாவிடம் திரும்ப அவருக்கு இடமில்லாமல் போயிருக்கலாம். போனால் கடிதத்தின் கனம் குறைந்திருக்கும் என்பதும் நிஜம்.

இதைவிட விசித்திரமான பிறவி யசுனாரி கவாபத்தாவின் ‘பனி நாடு’. அவர் இதை ஒரு நாவலாக எழுதத் தொடங்கவே இல்லை. 1935 ஜனவரியில் ஒரு பத்திரிகைக்கு ஒரு கதை எழுதினார். கெடுவுக்குள் எழுதி முடிக்க முடியவில்லை. மிச்சத்தை, கெடு சற்றுத் தள்ளி இருந்த வேறொரு பத்திரிகைக்குக் கொடுத்தார். இப்படியே பல பத்திரிகைகளில் துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்து 1937இல் புத்தகம். பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 1940களில் மேலே எழுதினார், எழுதியதைத் திருத்தினார். இன்று நாம் படிக்கும் முடிவு புத்தகமாக வந்தது 1948இல். அதோடும் விடவில்லை. 1972இல் சாவதற்குச் சில மாதம் முன்பு அந்த முழு நாவலையும் சுருக்கிச் சில பக்கக் குட்டிக்கதையாக ஆக்கியிருக்கிறார்.

தொடக்கத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள்: நீண்ட சுரங்கத்தைத் தாண்டி ரயில் பனி நாட்டுக்குள் வருகிறது. 1931இல் திறந்த ஷிமிசு சுரங்கம் அது, தாண்டினால் நீகாதா மாவட்டத்து யுசாவா. எனக்குப் பிடித்தது அதற்கு இரண்டு பக்கம் தள்ளி வருவது. வெளியே அந்தி. பெட்டிக்குள் விளக்கு எரிவதால் ஜன்னல் கண்ணாடியாகிவிட்டது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகம் அதில் தெரிகிறது, அந்த முகத்துக்குப் பின்னால் இருளும் மலைகள் ஓடுகின்றன. தொலைவில் மலையில் எங்கேயோ ஒற்றை விளக்கு. அது நகர்ந்து வந்து கண்ணாடியில் அந்தப் பெண்ணின் கண் இருக்கும் இடத்தைக் கடக்கும்போது, கண்ணும் விளக்கும் ஒரு கணம் ஒன்றாகின்றன. ஷிமாமுரா என்கிற அந்த மனிதன் இப்படித்தான் எல்லாரையும் பார்க்கிறான், கண்ணாடியில் படும் வரைக்கும். ஊரில் அவனை நேசிக்கிற கெய்ஷா கொமாகோ உருகுவதெல்லாம் அவனுக்கு அழகான வீண் முயற்சியாகத்தான் படுகிறது. மேற்கத்திய பாலே பற்றிக் கட்டுரை எழுதுகிறவன் அவன். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தகவலை கவாபத்தா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு ஆளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

முடிவில் பட்டுக்கூட்டுக் கிடங்கு தீப்பிடிக்கிறது. அங்கே சினிமா காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாடியிலிருந்து யோகோ விழுகிறாள், ஜன்னல் கண்ணாடியில் பார்த்த அதே பெண். உயிர் இருக்கிறதா என்று சரியாகத் தெரியாது. கொமாகோ ஓடிப்போய்த் தூக்குகிறாள். ஷிமாமுரா நிமிர்ந்து பார்க்க, பால்வீதி இரைந்துகொண்டு அவனுக்குள் இறங்குகிறது. முற்றும்.

இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே போவது ஜப்பானில் பழைய வழக்கம். ரெங்கா என்கிற தொடர்பாட்டு அப்படித்தான். 1488இல் சோகி, ஷோஹகு, சோச்சோ மூவரும் மினாசேயில் கோத்த நூறு பாட்டுகள் இதற்குப் பெயர்போனவை. ஒவ்வொரு பாட்டும் தனக்கு முந்தினதோடு சேர வேண்டும், அதற்கும் முந்தினதிலிருந்து விலக வேண்டும். மொத்தத்துக்குமாக ஒரு கதை கிடையாது. வசந்தத்தில் ஆரம்பித்து எங்கோ போய், நூறாவது பாட்டில் நிற்கும். அந்த மரபில் ஊறியவருக்கு நாவல் எங்கே நின்றாலும் அது நிற்க லாயக்கான இடம்தான்.

இன்னும் பின்னால் போனால் பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், அரண்மனைப் பெண்ணான முராசாகி ஷிகிபு எழுதிய ‘கெஞ்சியின் கதை’. 54 அத்தியாயம். நாயகன் கெஞ்சி. 41ஆம் அத்தியாயத்தில் அவன் வயதாகி, பிரியமான மனைவியைப் பறிகொடுத்து, பழைய கடிதங்களை எரித்துக்கொண்டிருக்கிறான். 42ஆம் அத்தியாயம் அவன் இறந்துவிட்டான் என்று தொடங்குகிறது. நடுவில் மரபாக ஒரு தலைப்பு மட்டும் சொல்வார்கள்: ‘மேகத்துள் மறைதல்’. தலைப்புக்குக் கீழே ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதை முராசாகியே வைத்தாரா, பிற்காலத்தவர் சேர்த்ததா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. கணக்கில் சேராத அத்தியாயம் அது. நாயகனின் சாவுக்கு வெற்றுப் பக்கம். அவன் போன பிறகும் பதின்மூன்று அத்தியாயம் அடுத்த தலைமுறையோடு கதை நடக்கிறது. கடைசியில், மறைந்து வாழும் பெண்ணுக்கு ஆளனுப்பிப் பதில் வராத ஒருவன், வேறு யாராவது அவளை ஒளித்து வைத்திருக்கிறானோ என்று சந்தேகப்படுகிறான். கதை அங்கே நிற்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. ‘ஜப்பானியர்கள் முடிவில்லாமல்தான் எழுதுவார்கள்’ என்று கொள்கை கட்டிவிடக் கூடாது. நாம் ஆங்கிலத்தில், ஆங்கிலம் வழியே தமிழில் படிக்கிற ஜப்பானிய இலக்கியத்தை யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நாஃப் பதிப்பகத்தில் ஹெரால்ட் ஸ்ட்ராஸ் என்ற பதிப்பாசிரியர் 1955இலிருந்து ஜப்பானிய நாவல்களை வரிசையாகக் கொண்டுவந்தார். ‘பனி நாடு’ 1956, ‘மகியோகா சகோதரிகள்’ 1957, மிஷிமாவின் ‘பொற்கோயில்’ நாவல் 1959. போரில் தோற்ற பகை நாட்டை அமெரிக்க வாசகர்கள் புதிதாக அறிந்துகொள்ள ஆசைப்பட்ட நேரம். மென்மை, சோகம், சொல்லாமல் விடுவது இவையெல்லாம் எடுபட்டன. கவாபத்தா, தனிஸாகி, மிஷிமா என்று ஒரு மூவர் அணி உருவாகி, ஜப்பானிய இலக்கியம் என்றாலே இதுதான் என்று ஆயிற்று. அதே காலத்தில் ஜப்பானில் பாட்டாளி வர்க்க எழுத்து இருந்தது, கூச்சலும் சிரிப்புமான எழுத்து இருந்தது. அவற்றுக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது.

மொழிபெயர்த்தவர்களின் கதையே தனி நாவல். எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர், டொனால்ட் கீன் இருவருமே போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் படித்தவர்கள். கீன், 1940இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துக் கடையில் ‘கெஞ்சி’யின் இரண்டு தொகுதிகளை 49 சென்ட்டுக்கு வாங்கினார், பெரிய புத்தகம், விலையோ மலிவு என்பதுதான் காரணம். பிறகு போரில், இறந்த ஜப்பானிய வீரர்களின் நாட்குறிப்புகளைப் படித்து மொழிபெயர்ப்பது அவர் வேலையாயிற்று. 2011 பூகம்பத்துக்குப் பிறகு, எண்பது கடந்த வயதில், ஜப்பானியக் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். சைடன்ஸ்டிக்கர் கவாபத்தாவிடம் போய், இந்தப் பத்தி கொஞ்சம் விளங்காமல் இருக்கிறதே என்று கேட்பாராம். கவாபத்தா அந்த இடத்தை அக்கறையாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்பாராம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. 1968 நோபல் பரிசில் பாதி இவருடையது என்று கவாபத்தா சொன்னதாகவும் சொல்வார்கள்.

நமக்கும் இந்த ஆங்கில வாசல் புதிதில்லை. 1916இலேயே பாரதியார் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியிருக்கிறார், உயோநே நோகுச்சி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு. ஹைக்கூ தமிழில் பிற்பாடு பட்ட பாட்டுக்கெல்லாம் அது முன்னுரை.

முடிச்சு மிச்சமில்லாமல் அவிழ்கிற ஜப்பானும் உண்டு என்பதற்கு செய்ச்சோ மட்சுமோட்டோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’ போதும். 1957இல் ஒரு பயண இதழில் தொடங்கிய தொடர். கடற்கரையில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பிணங்கள். காதலர் தற்கொலை என்று எல்லாரும் கையைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். இறந்தவன் பையில் ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்ட ரசீது ஒன்று, ஒருவர் சாப்பிட்டதற்கு மட்டும். கூடவே காதலி வந்திருந்தால் அவள் ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு வயதான துப்பறிவாளருக்கு மனது அரிக்கிறது. டோக்கியோ நிலையத்தில் பதின்மூன்றாம் நடைமேடையில் நின்று பதினைந்தாம் நடைமேடையைப் பார்க்க, நடுவில் ரயில் நிற்காத நேரம் அந்தச் சாயங்காலத்தில் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தின் மேல் முழுக் கதையும் நிற்கிறது. இதுவும் ஒரு கடிதத்தோடுதான் முடிகிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது. அக்காவுக்கு இதைக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்து, “இதான் புத்தகம்” என்றாள். அடுத்த வாரம் அவளாகவே கேட்டது சோசெகியின் வேறு ஏதாவது இருக்கிறதா என்று.

அகுதாகவாவின் ‘தோப்புக்குள்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிற விஷயம். 1922இல் வந்தது, பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதை. ஒரு கொலை, ஏழு வாக்குமூலம், செத்தவனின் ஆவி சொல்வது உட்பட. துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் அச்சாக இருக்கிறது, விடையைத் தவிர. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்துக்குக் கதை இதிலிருந்துதான் வந்தது, பெயரும் வாசல் மண்டபமும் அகுதாகவாவின் இன்னொரு கதையிலிருந்து. படத்தில் குரோசாவா விறகுவெட்டியிடம் ஒரு குழந்தையைக் கொடுத்து நம் மனதைக் கொஞ்சம் ஆற்றி அனுப்புகிறார். கதையில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது. சாகிறவன் நெஞ்சிலிருந்து கத்தியை யாரோ மெல்ல உருவுகிறார்கள். யாரென்று திரும்பிப் பார்க்க முயல்கிறான், இருட்டிவிட்டது.

இருப்பதிலேயே நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது கவாபத்தாவின் ‘மலையின் ஓசை’. காமகுராவில் வசிக்கும் ஷிங்கோவுக்கு வயது அறுபத்திரண்டு. மறதி தொடங்கிவிட்டது. பக்கத்தில் மனைவி குறட்டை விட்டால் மூக்கைப் பிடித்து நிறுத்துவார். ஒரு ராத்திரி மலை முழங்குவது போல ஏதோ கேட்கிறது, சாவு வந்து கூப்பிடுகிறதோ என்று பயம். மகன் வேறொரு பெண்ணோடு சுற்றுகிறான், மகள் இரண்டு குழந்தைகளோடு புருஷன் வீட்டைவிட்டு வந்து நிற்கிறாள், மருமகள் கிகுகோவிடம் மட்டும் அவருக்கு ஒரு வாஞ்சை, அது எந்த இடத்தில் வாஞ்சையைத் தாண்டுகிறது என்று அவருக்கே குழப்பம். தலையை மட்டும் கழற்றி, துணி வெளுக்கப் போடுவதுபோல ஆஸ்பத்திரியில் கொடுத்து, சுத்தம் செய்து வாங்கிக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று ரயிலில் யோசித்ததை மருமகளிடம் சொல்கிறார்.

ஒரு காலை அலுவலகம் கிளம்பும்போது கழுத்துப்பட்டை கட்ட வரவில்லை. நாற்பது வருடமாகத் தினமும் கட்டியது. கைக்குத் தெரிந்திருந்தது, கை மறந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் இன்னும் மோசம். கிகுகோ முயல்கிறாள், அவளுக்கும் வரவில்லை. கடைசியில் மனைவி யசுகோ வந்து கட்டிவிடுகிறாள். நின்ற நிலையில் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருக்கும் அந்த ஆளை இரண்டு பெண்கள் ஒன்றும் பெரிதாகச் சொல்லாமல் கையாளுகிறார்கள். இந்தப் பக்கத்தை நான் படித்த காலத்தில் எங்கள் வீட்டிலும் ஒருவர் வேட்டி கட்டுவதற்குத் திணறிக்கொண்டிருந்தார். கவாபத்தா இந்தக் காட்சிக்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன்.

நாவலின் முடிவில், ஞாயிற்றுக்கிழமை, குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடுகிறது. சொந்த ஊருக்குப் போய் இலையுதிர்கால மேப்பிள் இலை பார்க்கலாம் என்று பேச்சு. எழுந்த பிறகு ஷிங்கோ, கொடிக்காய் கனம் தாங்காமல் தொங்குகிறது பார் என்று சமையல்கட்டிலிருக்கும் கிகுகோவிடம் சொல்கிறார். பாத்திரம் கழுவுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இதுதான் கடைசி வரி. மகன் திருந்துவானா, மகள் என்ன செய்வாள், மருமகள் தனிக்குடித்தனம் போவாளா என்று முந்நூறு பக்கம் கவலைப்பட்டிருப்போம். எதுவும் தீரவில்லை. ஆனால் நான்கு தடவை படித்தும் இங்கே ஏதோ விட்டுப்போயிற்று என்று எனக்குத் தோன்றியதில்லை. கதை எதை நோக்கிப் போகிறது என்கிற பரபரப்பு போய்விட்டதால்தானோ என்னவோ, இரண்டாம் தடவையிலிருந்து கழுத்துப்பட்டை, குறட்டை, சூரியகாந்திப் பூ, தெருநாய் போட்ட குட்டி என்று எல்லாமே கதையாகிவிட்டன.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: தொடர்கதைப் பழக்கம் உள்ளவர்கள் மட்சுமோட்டோவில் ஆரம்பிக்கலாம், பிறகு சோசெகி. குடும்பக் கதை பிடித்தவர்கள் நேரே ‘மகியோகா’வுக்குப் போய்விடலாம், முதல் நூறு பக்கம் பெயர்கள் குழப்பும், பிறகு அந்த வீட்டிலேயே குடியிருப்பீர்கள். கவாபத்தாவில் ‘பனி நாடு’தான் புகழ் பெற்றது என்றாலும் ‘மலையின் ஓசை’ முதலில் படிப்பது நல்லது. இதன் மொழிபெயர்ப்புக்காகத்தான் சைடன்ஸ்டிக்கருக்கு 1971இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது.

‘கெஞ்சி’ பெரிய முதலீடு, பணமும் நேரமும். ஆர்தர் வேலியின் பதிப்பு 1925இலிருந்து 1933 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஆங்கிலம் அழகு, சுதந்திரம் ஜாஸ்தி. சைடன்ஸ்டிக்கர் 1976, கறாரானது, கச்சிதமானது. ராயல் டைலர் 2001. பாத்திரங்களை மூலத்தில் உள்ளபடி பதவிப் பெயர்களால் அழைப்பார், பதவி உயர்ந்தால் பெயர் மாறும், அடிக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். பொறுமை இருந்தால் டைலர். சும்மா கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால் வேலி. ஒன்று, வேலி 38ஆம் அத்தியாயத்தை மொழிபெயர்க்காமல் தாண்டிவிட்டார். அந்த ஒன்றுக்கு மட்டும் யாரிடமாவது சைடன்ஸ்டிக்கரை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.